மீனுக்கும் கீரை வேண்டும்

(தொடர்கல்வி மையம் ஒன்றில், வண்ணமீன் வளர்க்கும் பெண் ஒருவர் பேசியது)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் பழக்கம். உங்கள் மையத்தில் படிக்கும் சிலர் வண்ணமீன் வளர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இன்னும் சிலர் வீட்டில் குழந்தைகளுக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறீர்கள். "மீனுக்குக் காய்கறி கொடுக்கலாமா?" என்று கேட்டீர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கொடுக்கலாம். ஆனால் எந்த மீனுக்கு, எந்தக் காய், எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்து நான் ஒரு தொட்டி மீனை இழந்தவள். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கட்டுக் கீரை

சென்னையில் கொளத்தூர் என்றால் வண்ணமீன் நினைவுக்கு வரும். அங்கே பல குடும்பங்களுக்கு மீன்தான் பிழைப்பு. மேற்கு வங்காளத்தில் ஹௌரா பக்கமும் அப்படித்தான். எங்கள் வீடு கொளத்தூர் பக்கம். 2014ஆம் ஆண்டு குழுவில் கடன் வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகள் கட்டினேன். பிளாக் மோலி மீன் வளர்த்தேன். கறுகறுவென்று மை பூசினாற்போல இருக்கும் மீன் அது.

முதல் தொட்டி மீன்கள் நன்றாக வளர்ந்தன. மொத்தம் 600 மீன்கள். மீன் ஒன்றுக்கு 3 ரூபாய் தருவதாக வியாபாரி சொல்லியிருந்தார். 1,800 ரூபாய் வரும். கடன் தவணை 1,500 ரூபாய். ஆக அந்த மாதத் தவணை அந்தத் தொட்டியில்தான் நீந்திக்கொண்டிருந்தது.

அப்போது ஊரில் ஒரு கல்யாணம். இரண்டு இரவு தங்க வேண்டும். மே மாதம், கொளுத்தும் வெயில். "நான் இல்லாதபோது மீன்கள் பட்டினி கிடக்குமே" என்று மனம் கேட்கவில்லை. மோலி கீரை தின்னும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சந்தையில் மூன்று கட்டுக் கீரை வாங்கினேன். அப்படியே தொட்டியில் போட்டேன். நிம்மதியாகப் பேருந்து ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தேன். தொட்டிப் பக்கம் போகும்போதே நாற்றம். தண்ணீர் மேல் கறுப்பாக மிதந்தது. எல்லாம் என் மீன்கள். உயிரோடு இருந்தவை 20கூட இருக்காது.

கண் பட்டுவிட்டது என்றார்கள். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்றார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர். வெகுகாலமாக மீன் வளர்ப்பவர். அவர் வந்தார். கையைத் தொட்டிக்குள் விட்டு அடியில் துழாவினார். ஒரு பிடி எடுத்துக் காட்டினார். கறுத்து, கொழகொழவென்று அழுகிய கீரைத் தண்டு.

"அம்மா, உன் மீன் பட்டினியால் சாகவில்லை. சாப்பாட்டால் செத்தது" என்றார்.

அன்று எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அந்த ஒரு சொல்தான் என் தொழிலைக் காப்பாற்றியது.

ஏன் செத்தன?

பெரியவர் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செவுள் வழியே எடுத்துக்கொள்கிறது. ஒரு தொட்டித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். தண்ணீர் சூடானால் அது இன்னும் குறையும். அதனால்தான் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும்.

கீரை அழுகும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மிச்சம் இருக்காது. விடியற்காலையில் பாருங்கள், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நாம் நினைப்போம். பசி அல்ல, மூச்சுத் திணறல்.

இன்னொன்றும் உண்டு. மிச்ச உணவும் மீனின் கழிவும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். கழுவாத கழிப்பறையில் மூக்கைத் துளைக்குமே, அதே பொருள்தான். அது மீனின் செவுளைக் கெடுக்கும். நன்கு பழகிய தொட்டியில் சில நுண்ணுயிர்கள் இருக்கும். அவை கொஞ்சம் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிவிடும். மூன்று கட்டுக் கீரையின் அழுகலை அவற்றால் மாற்ற முடியுமா? முடியாது.

கோயில் குளத்தில் நாம் பொரி போடுகிறோம். மீன்கள் கூட்டமாக வந்து தின்கின்றன. அது பெரிய குளம், நிறையத் தண்ணீர். அங்கேயே அதிகம் போட்டால் தண்ணீர் கெடும். வீட்டுத் தொட்டியோ நாலு குடம் தண்ணீர். குளத்தில் போடும் கணக்கில் தொட்டியில் போடலாமா?

இன்னொரு பாடமும் கற்றேன். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் உணவு இல்லாமல் இருக்கும். அழுகிய தண்ணீரில் ஓர் இரவுகூட இருக்காது. ஊருக்குப் போனால் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். உணவைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். குஞ்சுகள் இருந்தால் மட்டும், விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்த மீன் கீரை தின்னும்?

ஆடு தழை தின்னும். புலி தின்னாது. மீனிலும் அப்படித்தான்.

மோலி மீனின் சொந்த ஊர் மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கம். அங்கே அது பாறையிலும் செடியிலும் படியும் பாசியைக் கொறித்துத் தின்னும். பச்சை உணவு அதற்குக் கட்டாயம் வேண்டும். கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் பாசி தின்பவை. அவை புழு பூச்சியும் தின்னும்.

அடுத்தது தங்கமீன். இதன் சொந்த நாடு சீனா. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அழகுக்காக வளர்த்தார்கள். நம் கெண்டை மீன் இதற்கு உறவு. தங்கமீனுக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்ன வேண்டும். காய்ந்த உணவையே நாள்தோறும் கொடுத்தால் சில மீனுக்கு மலச்சிக்கல் வரும். அதற்குக் காய்கறி நல்லது.

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீன் உண்டு. கடைக்காரர்கள் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் சொல்வார்கள். "அழுக்கைத் தின்று வாழும், உணவு போட வேண்டாம்" என்று விற்பார்கள். அதை நம்பாதீர்கள். அது பாசி தின்னும். தொட்டியில் பாசி தீர்ந்தால் பட்டினி கிடக்கும். இரவில் அதற்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய் கொடுங்கள்.

இந்த மீன் பெரிதாகிவிட்டது என்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். இது தென் அமெரிக்க மீன். நம் நாட்டில் பல இடங்களில் நீர்நிலைகளில் புகுந்து பெருகிவிட்டது. மீன்பிடிக்கிறவர்களின் வலையை அதன் முள் கிழிக்கிறது. நம் ஊர் மீனின் உணவுக்குப் போட்டியாகிறது.

ஃபைட்டர், ஆஸ்கார், அரவானா போன்ற மீன்கள் புலிச்சாதி. அவற்றுக்குப் புழு, பூச்சி, இறால், மீன் வேண்டும். கீரை போட்டால் தொடாது. தண்ணீர்தான் கெடும்.

ஏன் காய்கறி கொடுக்க வேண்டும்?

நாம் சோறு மட்டும் தின்று வாழ முடியுமா? குழம்பு வேண்டும், கீரை வேண்டும். பாசி தின்னும் மீனுக்கும் அப்படித்தான். காய்கறியில் நார்ச்சத்து உண்டு, வைட்டமின்கள் உண்டு. குடல் சீராக இயங்கும்.

நிறமும் ஒரு காரணம். வண்ணமீனுக்கு விலை நிறத்தால் வருகிறது. சிவப்பும் ஆரஞ்சும் வெளுத்தால் விலை போகாது. இந்த நிறத்துக்கான பொருளை மீன் வெறும் தவிட்டிலிருந்து உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவில் அது இருக்க வேண்டும். கேரட், பரங்கிக்காய், கீரை ஆகியவற்றில் அந்த வகைப் பொருள் இருக்கிறது. ஆனால் நேற்றுப் போட்டு இன்று பார்க்க முடியாது. பல வாரம் ஆகும்.

செலவும் குறையும். கடையில் விற்கும் நல்ல மீன் உணவு விலை அதிகம். ஆனால் ஒன்று சொல்கிறேன். காய்கறி மட்டும் போதாது. அதில் புரதம் குறைவு. குஞ்சு வளரவும், தாய் மீன் குட்டி போடவும் புரதம் வேண்டும். நான் வாரத்தில் இரண்டு நாள் காய்கறி கொடுக்கிறேன். மற்ற நாள் கடை உணவும், தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த உணவும், கொசுப்புழுவும் கொடுக்கிறேன். பிண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் தொடவே மாட்டேன். பூசணத்தில் நஞ்சு உண்டு.

எப்படிக் கொடுப்பது?

பாலக் கீரை: இலையை மட்டும் எடுங்கள். தண்டு வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். இலை துவண்டுவிடும். ஆற வையுங்கள். பச்சை இலை மிதக்கும், கடினமாக இருக்கும். சிறிய வாய் கடிக்க முடியாது. துவண்ட இலையைக் கிழித்துத் தின்னும்.

பட்டாணி: பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேக வையுங்கள். காய்ந்த பட்டாணி என்றால் இரவு ஊற வைத்து வேக வையுங்கள். தோலை உரித்துவிடுங்கள். பெரிய தங்கமீனுக்குச் சிறு துண்டாகக் கொடுக்கலாம். கப்பி, மோலிக்கு நன்றாக மசித்துக் கொடுங்கள்.

வெள்ளரிக்காய்: தோல் சீவுங்கள். விதையை எடுத்துவிடுங்கள். வட்டமாக நறுக்குங்கள். மிதக்கும். சுத்தமான கூழாங்கல்லை நூலில் கட்டினால் அடியில் நிற்கும். துருப்பிடித்த ஆணி, ஈயக்குண்டு கட்டாதீர்கள்.

பரங்கிக்காய், கேரட்: ஆவியில் வேக வைத்து, மசித்து அல்லது மெல்லிய துண்டாக்கிக் கொடுங்கள்.

வெங்காயம், பூண்டு, மிளகாய், எலுமிச்சை வேண்டாம். குழம்பில் வெந்த காய் வேண்டாம். அதில் உப்பு, எண்ணெய், புளி இருக்கும். தண்ணீர் மேல் எண்ணெய் படரும். சோறு, ரொட்டி, பிஸ்கட்டும் அப்படித்தான். கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும்.

எவ்வளவு?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மீன் தொட்டிக்காகவே சொன்ன பழமொழி போல இருக்கிறது.

பத்துப் பதினைந்து சிறு மீன் உள்ள கண்ணாடித் தொட்டிக்கு உள்ளங்கையில் பாதி அளவு இலை போதும். அல்லது வேக வைத்த பட்டாணி ஒன்று. முதல் நாள் தொடாமல் இருக்கலாம். பழக நாள் ஆகும். அடுத்த முறை மறுபடி வையுங்கள்.

இரண்டு மணி நேரம் ஆனதும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கோடையில் அதற்கு முன்பே எடுங்கள். இதுதான் மிக முக்கியம். போட்ட கையே எடுக்க வேண்டும். காலையில் போட்டால் கண் முன்னால் இருக்கும். இரவு போட்டால் மறந்துவிடுவோம். சக்கர் மீனுக்கு மட்டும் இரவில் வைத்து, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பூச்சிமருந்து

இப்போது பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கீரைக்கும் காய்க்கும் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல, மீனையும் கொல்லும். பைரித்ராய்டு என்று ஒரு வகை உண்டு. மிகச் சிறிய அளவே மீனுக்குப் போதும். வீட்டில் கொசுவுக்கு அடிக்கும் பல மருந்திலும் அந்த வகை உண்டு. ஆகவே தொட்டி உள்ள அறையில் அதை அடிக்காதீர்கள்.

வாங்கிய கீரையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். காயைத் தோல் சீவுங்கள். வேக வைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆனால் கழுவினால் எல்லா மருந்தும் போய்விடும் என்று சொல்ல முடியாது. சில மருந்து இலைக்குள்ளேயே இருக்கும். அதனால் நான் இப்போது கீரையை வாங்குவதில்லை. வீட்டிலேயே வளர்க்கிறேன்.

அதற்கு உரம் எது தெரியுமா? மீன் தொட்டித் தண்ணீர்தான். வாரம் ஒருமுறை தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மாற்றுவேன். மீனுக்கு ஆகாத கழிவு அதில் இருக்கிறது. அதுவே செடிக்கு உணவு. அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றுகிறேன். மீன் கீரையை வளர்க்கிறது. கீரை மீனை வளர்க்கிறது. மிச்சக் கீரை எங்கள் வீட்டுக் கூட்டுக்கு.

நீங்கள் கேட்ட கேள்விகள்

முன்வரிசையில் இருக்கும் அக்கா கேட்கிறார்: "காலையில் மீன் எல்லாம் மேலே வந்து திணறினால் என்ன செய்வது?"

உடனே மிச்ச உணவை எடுங்கள். குழாய் வைத்து அடியிலுள்ள கசடை உறிஞ்சி வெளியே விடுங்கள். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். காற்று மோட்டாரை ஓட விடுங்கள். அன்று உணவு வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவும் மீனுக்கு ஆகாது. அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். இப்படி ஒரு பாத்திரம் எப்போதும் தயாராக இருக்கட்டும். மருந்து, சோப்பு பட்ட வாளி வேண்டாம்.

ஒரு தங்கை கேட்கிறாள்: "தங்கமீன் தலைகீழாக மிதக்கிறது. பட்டாணி கொடுத்தால் சரியாகுமா?"

வயிறு அடைத்ததால் மிதந்தால் பலன் கிடைக்கலாம். இரண்டு நாள் உணவை நிறுத்து அம்மா. பிறகு தோல் உரித்த பட்டாணி கொஞ்சம் கொடு. ஆனால் மிதப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் கெட்டிருக்கலாம், நோய் வந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் பட்டாணி மருந்து ஆகாது. மீன்வளத் துறை அலுவலகத்திலோ, அனுபவம் உள்ளவரிடமோ கேள்.

கடைசி வரிசையில் ஐயா கேட்கிறார்: "குளத்தில் மிதக்கும் சின்னப் பச்சை இலையைக் கொடுக்கலாமா?"

தங்கமீன் விரும்பித் தின்னும் ஐயா. மாட்டுக்குப் போடும் அசோலாவையும் சில மீன் தின்னும். ஆனால் சாக்கடை கலந்த குளத்தில் எடுக்காதீர்கள். மீனைத் தின்னும் பூச்சிகளும் அதனோடு வரும். நன்றாக அலசிப் பார்த்துப் போடுங்கள். வீட்டில் ஒரு தொட்டியில் வளர்த்தால் இன்னும் நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகம்

முடிக்கும் முன் ஒன்று சொல்கிறேன். அந்த 600 மீன் செத்த பிறகு, ஒரு நோட்டு வாங்கினேன். எழுத்து அப்போதுதான் கூடி வந்த காலம். கோணல் மாணலாகத்தான் எழுதினேன். தேதி, தொட்டி எண், என்ன உணவு, எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, செத்த மீன் எத்தனை. ஆறே பத்திதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். எந்த நாள் மிச்சம் அதிகமோ, அதற்கு அடுத்த நாள் சாவும் அதிகம். வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையெழுத்தே எனக்குச் சொன்னது.

அந்தத் தவணையை இரண்டு மாதம் தாமதித்துக் கட்டினேன். கடன் முடிந்தது. தொட்டிகள் இன்றும் இருக்கின்றன. கீரைப் பாத்தியும் இருக்கிறது. ஒருநாள் வந்து பாருங்கள்.



நினைவில் வையுங்கள்

1. எல்லா மீனும் கீரை தின்னாது. மீனை அறிந்து கொடுங்கள்.
2. நன்றாக அலசி, உப்பில்லாமல் வேக வைத்து, ஆற வைத்துக் கொடுங்கள்.
3. கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுங்கள்.
4. காய்கறி மட்டும் போதாது. மற்ற உணவும் வேண்டும்.
5. பூச்சிமருந்து பட்ட எதுவும் தொட்டியில் விழக்கூடாது.
6. ஊருக்குப் போகும்போது உணவைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள்.

கூடிப் பேசுங்கள்

1. 600 மீன்கள் சாகக் காரணம் என்ன? அதைத் தடுத்திருக்க முடியுமா?
2. மீன் தொட்டித் தண்ணீரை உங்கள் வீட்டில் எதற்குப் பயன்படுத்தலாம்?
3. நீங்கள் செய்யும் தொழிலில் நோட்டில் எழுதி வைக்க வேண்டியவை எவை?